முழங்கால் ஒத்துழைக்காதவர் ஸ்மால்மவுத் பிடிக்க எந்த ஏரிக்குப் போகலாம்?

[திரையில்: விடிகாலை, கொங்கிரீட் படகுத்துறை, மேலே லேசான மூடுபனி]

வணக்கம். கனடாவின் ஒன்ராறியோவில் ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்க நல்ல ஏரி எது என்று ரொறன்ரோவில் யாரைக் கேட்டாலும் முதலில் சிம்கோ என்பார்கள். தப்பில்லை. நகரத்திலிருந்து சுமார் ஒரு மணி நேர ஓட்டம். தெளிந்த தண்ணீர், பாறைத் திட்டுகள் ஏராளம். 2000-களில் கோபி என்ற சின்ன மீன் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அதைத் தின்றே அங்குள்ள பாஸ் கொழுத்துவிட்டது. ஐந்து பவுண்டு மீன் சிம்கோவில் அதிசயமில்லை.

நானும் அதை நம்பித்தான் பெரியப்பாவைக் கூட்டிப்போனேன். எழுபது தாண்டியவர். ஒரு முழங்கால் மாற்றியாகிவிட்டது, மற்றது வரிசையில் நிற்கிறது. துறைக்குப் போனால், மேடைக்கும் படகின் தரைக்கும் இடையே என் இடுப்பளவு இறக்கம். நான் வரைபடத்தில் பாறைத் திட்டு தேடிக்கொண்டிருக்க, அவர் கைத்தடியை ஊன்றியபடி சொன்னார்: "தம்பி, மீனைப் பிறகு பாப்பம். முதல் நான் எப்பிடி இறங்கிறதெண்டு பார்."

அன்று அவர் இறங்கவேயில்லை. கரையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அதற்குப் பிறகு ஏரி பார்க்கும்போது துறையிலிருந்துதான் தொடங்குகிறேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நமக்கு முதலில் தெரிய வேண்டியது உயரம்.

[திரையில்: இரண்டு வகை மேடைகள், பக்கத்தில் அளவுகோல்]

மேடையில் இரண்டு வகை. ஒன்று நிலையானது: மரக்கூட்டில் கல்லை நிரப்பி, மேலே பலகை அடித்தது. இன்னொன்று மிதப்பது. நிலையான மேடை ஆடாது. ஆனால் தண்ணீர் இறங்கினால் படகும் கூடவே இறங்கிவிடும், மேடை அங்கேயே நிற்கும். ஹாலிபர்ட்டன் பக்கத்து ஏரிகள் பல, ட்ரென்ட்-செவர்ன் என்ற படகுப் போக்குவரத்துக் கால்வாய் வழிக்குத் தண்ணீர் கொடுக்கும் தேக்கங்கள். கோடை முழுக்க அவற்றிலிருந்து கீழே திறந்துவிடுவார்கள். ஜூனில் ஒரு படி இறக்கமாக இருந்த அதே மேடை செப்டம்பரில் மார்பளவு உயரமாகத் தெரியலாம். மிதக்கும் மேடையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தண்ணீர் குறைந்தால் கரையிலிருந்து அதற்குப் போகிற நடைபாலம் செங்குத்தாகும், காலை வைத்ததும் மேடை கொஞ்சம் அசையும். கைத்தடிக்காரருக்கு நான் மிதக்கும் மேடையைத்தான் சொல்வேன், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால்.

செயற்கைக்கோள் படத்தில் மேடை தெரியும், உயரம் தெரியாது. அதனால் துறைக்கு அருகிலுள்ள தூண்டில் இரைக் கடைக்கு ஒரு போன் போடுங்கள். மேடை மிதக்குமா, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், கழிப்பறை உண்டா. இந்த மூன்றும் போதும். மூன்றாவதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், ஐந்து மணி நேரம் தண்ணீரில் இருக்கப்போகிறீர்கள்.

[திரையில்: சிம்கோ வரைபடம், மேற்கிலிருந்து அம்புக்குறி]

அடுத்தது காற்று. திறந்த தண்ணீரில் காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடுகிறதோ, அவ்வளவுக்கு அலை வளரும். சிம்கோ 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. மேற்குக் காற்று எழும்பினால் கிழக்குக் கரைத் துறையில் படகு மேடையோடு மோதி மோதிக் குதிக்கும். காலைத் தூக்கி வைக்கத் தடுமாறுகிறவருக்கு மிக ஆபத்தான நொடி அதுதான், நடு ஏரியல்ல. அதே நாளில் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். ஆக ஏரியை மட்டுமல்ல, எந்தக் கரை என்பதையும் காலையில் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் நான் சிம்கோவுக்குப் பெரியப்பாவைக் கூட்டிப்போவதில்லை.

அப்போ சின்ன ஏரியாகப் பார்த்தால் போதுமா? போதாது. ஸ்கூகோக் ஏரி பக்கத்தில்தான், ஆழமும் குறைவு. ஆனால் அடியெல்லாம் சேறும் நீர்ச்செடியும். அது லார்ஜ்மவுத் என்ற இன்னொரு வகை பாஸுக்கு ஏற்ற ஊர். ஸ்மால்மவுத் கல்லும் குளிர்ச்சியும் தேடுகிற மீன், நண்டு போன்ற கிரேஃபிஷ் அதற்குப் பிடித்த சாப்பாடு. ஸ்டோனி ஏரியில் தீவுகள் நெருக்கம், காற்று அவ்வளவாகத் தாக்காது, கல்லுக்கும் குறைவில்லை. அந்தக் கல்லே மோட்டாரின் விசிறியையும் பதம் பார்க்கும், புதியவர் மெதுவாகப் போங்கள்.

ஆழ வரைபடத்தில் நான் தேடுவது இதுதான்: துறையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள், நாலு மீட்டரிலிருந்து எட்டு மீட்டருக்குச் சரியும் ஒரு கல் விளிம்பு. அலையில் அரை மணி நேரம் குதித்துக்கொண்டு போனால் இடுப்பும் முதுகும் தூண்டில் போடுமுன்பே ஓய்ந்துவிடும். கோடையில் மீன் அந்த விளிம்பில் நிற்கும். அங்கே எழுந்து நின்று வீச வேண்டியதில்லை. டிராப்-ஷாட் (அடியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே கொக்கி) கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி நேரே கீழே விட்டால் போதும். முன்பக்க மின் மோட்டாரில் ஜி.பி.எஸ். பூட்டு இருந்தால் ஒரு பொத்தானில் படகு அங்கேயே நிற்கும், நங்கூரம் இழுக்கும் வேலை இல்லை.

படகு பற்றிச் சுருக்கமாக: பான்டூன். தட்டையான தளம், பக்கவாட்டில் கதவு, மிதக்கும் மேடையோடு ஏறக்குறைய ஒரே மட்டம். பெரும்பாலும் பெரிய வேகம் கிடையாது, பார்க்கவும் மிதக்கும் வரவேற்பறை மாதிரி இருக்கும். பரவாயில்லை. சக்கர நாற்காலி என்றால் வாடகைக்கு எடுக்குமுன் கதவின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

உரிமம்? கனடாவில் வசிக்கும் 65 வயதானவர் ஒன்ராறியோவில் வாங்க வேண்டியதில்லை, பிறந்த தேதியுள்ள அரசு அடையாள அட்டையே உரிமம். பாஸ் சீசன் திறக்கும் தேதி மட்டும் மண்டலத்துக்கு மண்டலம் மாறும், பார்த்துவிட்டுப் போங்கள்.

[திரையில்: ஒரில்லியா, இரண்டு ஏரிகளுக்கு நடுவே]

கடைசியில் நாங்கள் போனது குச்சிச்சிங் ஏரி. ஒரில்லியா ஊர் சிம்கோவுக்கும் அதற்கும் நடுவே இருக்கிறது. குச்சிச்சிங் சிம்கோவைவிட மிகச் சிறியது, சிம்கோவில் காற்றென்றால் இங்கே ஒதுங்கலாம். இரண்டையும் இணைக்கும் குறுகிய நீரோட்டத்தில், 4500 ஆண்டுக்கு முன்பே இங்குள்ள பூர்வகுடிகள் மரக்குச்சி நட்டு மீன்வேலி போட்டிருக்கிறார்கள். மீனைத் துரத்திக்கொண்டு போகவில்லை, அது வரும் வழியில் காத்திருந்தார்கள்.

அன்று மூன்று மீன். பெரியது இரண்டரை பவுண்டு இருக்கும். பெரியப்பா மேடையிலிருந்து பான்டூனுக்கு ஒரே எட்டில் போனார். நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியைக் கம்பியில் மாட்டிவிட்டு, "இனி மீனைப் பாப்பம்" என்றார்.