பழைய படகுக்கு வயரிங் பாஸ் தேடும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பு முகத்துவாரத்தில் பழைய படகொன்றை வாங்க வருபவர் முதலில் எஞ்சினைப் பார்ப்பார். அடுத்து பைபர் உடம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். வயரிங்கை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறதா, எரிகிறது, சரி, அவ்வளவுதான். நடுக்கடலில், படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்ப் ஓடாமல் நிற்கிற அன்றுதான் வயரின் ஞாபகம் வரும். அப்போதும் "ஒரு பாஸைப் பிடித்து மாற்றிவிடலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாஸ் என்றால் வயரிங் வேலைக்காரர். எந்த பாஸ், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்திருக்கிறேன்.

கொழும்பில் வயரிங் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. வீட்டு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் லொறி, வான் என்று வாகன வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். இருவருமே தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள். சிக்கல் என்னவென்றால், படகில் ஏறியதும் அவர்களுடைய கைப்பழக்கமே எதிரியாகிவிடுகிறது.

வீட்டு பாஸ் 7/0.67 வயரைக் கொண்டுவருவார். ஏழே ஏழு தடித்த இழை. சுவருக்குள் அசையாமல் கிடக்க அது நல்ல வயர். எஞ்சின் அதிர்கிற படகில் அந்த இழைகள் ஒவ்வொன்றாக முறியும். படகுக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயர் வேண்டும். ஒவ்வொரு இழையிலும் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். புறக்கோட்டையில் வெறுமனே "வயர்" என்று கேட்டால் வீட்டு வயரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். "வெள்ளீயம் பூசிய வயர்" என்று சொல்லிக் கேட்டு, முனையைச் சீவிப் பாருங்கள். இழை வெள்ளி நிறமாக இருந்தால் பூசிய வயர். செம்பு நிறமாக இருந்தால் இல்லை.

வாகன பாஸின் பழக்கம் வேறு. பற்றரியின் நெகடிவ் முனையை பொடியில், அதாவது வாகனத்தின் இரும்பு உடம்பில், பூட்டிவிட்டால், மின்சாரம் பொடி வழியாகவே திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு. லொறிக்கு அது சரி. படகில் ஒவ்வொரு லைட்டுக்கும் ஒவ்வொரு பம்புக்கும் திரும்பி வருவதற்குத் தனி நெகடிவ் வயர் வேண்டும். எஞ்சினையோ இரும்பு உடம்பையோ திரும்பும் வழியாக்கினால், உப்புத் தண்ணீரில் நிற்கிற புரொப்பெலரும் ஷாஃப்டும் அரிபடும். அவை அரிபடாமல் காக்க அடியில் பூட்டிய சிங்க் (துத்தநாக) கட்டி வழக்கத்தைவிட வேகமாகக் கரைகிறதென்றால், மின்சாரம் எங்கோ கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பழைய படகில் நான் முதலில் பார்ப்பது சுவிட்ச் பலகையின் பின்பக்கம். அங்கே இரண்டு வயரை முறுக்கிச் சுற்றிய இன்சுலேஷன் டேப் உருகிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அதைப் பிரித்து வயரை ஒரு சாண் தூரம் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இழைகளுக்கு நடுவே உப்பு ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். முனையை வெட்டிப் புது லக் (வயர் முனையில் நசுக்கிப் பூட்டும் உலோகத் துண்டு) பூட்டுவதில் பயனில்லை. பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்ட வேண்டும். அநேகமாக வயரையே மாற்ற வேண்டிவரும்.

வயரை மாற்ற இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படகுக்கு முதலில் வயர் இழுத்தவர் இரண்டு லைட்டுக்கும் ஒரு றேடியோவுக்கும்தான் கணக்குப் போட்டிருப்பார். அப்புறம் ஜி.பி.எஸ். வந்தது, மீன் காட்டும் கருவி வந்தது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனுக்குத் தடை போட்டதும், பலநாள் படகுகளுக்குச் செய்மதி வழியாக இருப்பிடம் காட்டும் வி.எம்.எஸ். கருவியும் வந்தது. தடை 2016இல் நீங்கியது; கருவி நீங்கவில்லை. இத்தனையும் ஒரே முனையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும்.

இப்போது பாஸிடம் கேட்க வேண்டியது. "பாஸ், மெயின் பியூஸை எங்கே போடுவீங்க?" என்று கேளுங்கள். "சுவிட்ச் பலகையில்தான் அண்ணே" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பற்றரிக்கும் பியூஸுக்கும் நடுவே இருக்கிற வயருக்குக் காவல் இல்லை. அது எங்காவது உரசிச் சோர்ட் ஆனால் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை அப்படியே அனுப்பும், வயர் பழுத்துப் பற்றிக்கொள்ளும். பற்றரியிலிருந்து 18 சென்டிமீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் படகு விதிகளில் உள்ள அளவு. பின்பற்றத் தக்க அளவு.

அடுத்து வயர்த் தடிமன். 12 வோல்ட் பற்றரி, 6 மீற்றர் தள்ளி 10 அம்பியர் பம்ப் என்று வையுங்கள். போகவும் வரவும் 12 மீற்றர் வயர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறத்தாழ 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீற்றர் என்றால் 0.35 வோல்ட்தான். 230 வோல்டில் பழகியவருக்கு 0.8 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. 12 வோல்டில் அது ஏழு சதவீதம். பம்ப் ஓடும், ஆனால் தண்ணீரை இறைக்கத் திணறும்.

லக்கை எதனால் நசுக்குவார் என்பதையும் பாருங்கள். குறட்டால் நசுக்கினால் வேண்டாம். அதற்கென்றே உள்ள கிரிம்ப்பிங் டூல் கையில் இருக்க வேண்டும். ஈயப்பற்று மட்டும் வைத்தால் அந்த இடம் விறைத்து, அதன் ஓரத்தில் வயர் முறியும். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் எடுக்கிறீர்கள் என்றால் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். இதில் பேரம் கிடையாது.

கூலி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம். எடுத்த எடுப்பில் முழுப் படகையும் கொந்தராத்துப் பேசாதீர்கள். வயரிங்கைப் பார்க்காமல் விலை சொல்பவர் ஒன்று கூட்டிச் சொல்வார், இல்லாவிட்டால் பாதியில் இடறுவார். முதலில் நாட்கூலி கொடுத்துப் பார்வையிடச் சொல்லுங்கள். இப்போது எந்த வயர் எங்கே போகிறது, இனி எங்கே போக வேண்டும் என்று தாளில் வரைந்து தரச் சொல்லுங்கள். வரைய மறுப்பவர் எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் வேலை கொடுக்க மாட்டேன். சம்மாட்டிகள், அதாவது படகுச் சொந்தக்காரர்கள், சிலர் தாளுக்குக் காசா என்று சிரிப்பார்கள். கடலில் லைட் அணைந்தால் படகை ஓட்டிப்போகும் மண்டாடிக்குக் கைகொடுப்பது அந்தத் தாள்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொந்தராத்துப் பேசினால் பேச்சும் சுருக்கமாக முடியும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் சிறிய படகுகள் கரையில் கிடக்கிற காலம் இந்த வேலைக்குத் தோது. கடைசித் தவணைக் காசைக் கொடுக்கும் முன், இருட்டிய பிறகு படகில் ஏறுங்கள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை எரிகிறதா, இழுவை வலை அல்லாத மீன்பிடிக்குரிய சிவப்பும் அதன்கீழ் வெள்ளையும் எரிகிறதா என்று பாருங்கள். எல்லா லைட்டும் எரியும்போதே பம்பையும் ஓடவிட்டு, பம்பின் முனையில் மீற்றர் வைத்து வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். பற்றரி முனையில் காட்டுவதைவிட மூன்று சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், வேலை இன்னும் முடியவில்லை என்று பாஸிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

நன்றி, வணக்கம்.