கடற்கரையில் ஒற்றைச் சாவி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். இராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் பூட்டு, சாவி வேலையைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவன் நான். என் தந்தையார் மரப்பெட்டிக்கும் இரும்பு பீரோவுக்கும் அம்பாசிடர் காருக்கும் ஒரே அரத்தைக் கொண்டு சாவி ராவிக் கொடுத்தவர். அந்த அரம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மடிக்கணினியும், பூதக்கண்ணாடி விளக்கும், வண்டியின் கணினியோடு பேசும் கருவியும் வந்து சேர்ந்துவிட்டன. விலை உயர்ந்த எஸ்.யு.வி. வண்டிகளின் சாவி தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ புதிய சாவி எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியும், நம் கடற்கரையில் அது ஏன் கூடுதல் கவனத்துக்குரியது என்பதைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன்.

தை அமாவாசையை ஒட்டிய ஒரு நாள் இராமேசுவரத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு தர்ப்பணம் கொடுக்க வந்த ஒருவர், கால்சட்டைப் பையில் சாவி இருப்பதை மறந்து அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்திருக்கிறார். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு ஈரத் துணியோடு வந்து பார்த்தால் வண்டிக் கதவு திறக்கவில்லை. மாற்றுத் துணியும், அம்மாவின் மாத்திரைகளும், பணமும் உள்ளே. கூட்டத்தைக் கடந்து நான் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

நான் முதலில் செய்தது மிகச் சிறிய வேலை. சாவியின் பக்கவாட்டில் இருந்த சிறு தாழைத் தள்ளியதும் உள்ளே ஒளிந்திருந்த இரும்பு அலகு வெளியே வந்தது. ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில் மூடியொன்றின் பின்னால் இருந்த துளையில் அதை நுழைத்துத் திருப்பினேன். அலாரம் அலறியது, கதவும் திறந்தது. அந்தத் தாயார் மாத்திரையை விழுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்படி ஓர் அலகு தம் சாவிக்குள் இருப்பதே அந்த மனிதருக்கு அதுவரை தெரியாது.

பிறகு சாவியைப் பிரித்தேன். ஒரு ரூபாய் நாணயம் போன்ற மூன்று வோல்ட் பேட்டரியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளை உப்பு பூத்திருந்தது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே பேட்டரி உள்ளே இருக்கும் வரையில், சாவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின் செப்புத் தடங்களை அந்த நீர் ஓயாமல் அரித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரில் பலகையைக் கழுவி, ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் துடைத்துப் பார்த்தேன். முடியளவு அகலமுள்ள ஒரு தடம் அறுந்திருந்தது. பொத்தான்கள் உயிர் பெறவில்லை. ஆனால் ஸ்டீயரிங் தண்டின் மேல் குறியிடப்பட்டிருந்த இடத்தில் அந்தச் சாவியை ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியபோது வண்டி கிளம்பிவிட்டது.

ரிமோட் செத்த சாவி வண்டியை எப்படிக் கிளப்பியது என்று கேட்பீர்கள். சாவிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நீங்கள் கைப்பிடியைத் தொட்டவுடன் வண்டி தன் ஆண்டெனாக்கள் வழியாக, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில், ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்கு மட்டும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்கிறது. சாவி தன் பேட்டரியின் பலத்தில், பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலையில் விடை சொல்கிறது. இது ஒன்று. மற்றொன்று ட்ரான்ஸ்பாண்டர் எனப்படும் சிப். அதற்குப் பேட்டரியே வேண்டாம். வண்டியில் உள்ள கம்பிச்சுருளுக்கு மிக அருகில் கொண்டுபோனால், அந்தச் சுருளின் காந்தப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். வண்டி ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கொடுக்க, சாவி தன்னிடமுள்ள இரகசியக் குறியீட்டைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடையனுப்ப, விடை சரியாக இருந்தால்தான் இம்மொபிலைசர் எனப்படும் திருட்டுத் தடுப்பு அமைப்பு எஞ்சினுக்கு அனுமதி அளிக்கும். இரகசியம் ஒருபோதும் காற்றில் வருவதில்லை; அதனால் ஒட்டுக் கேட்டுப் போலிச் சாவி செய்வது கடினம். இரும்பு அலகை எவ்வளவு துல்லியமாக வெட்டிக் கொடுத்தாலும் கதவுதான் திறக்கும், எஞ்சின் கிளம்பாது.

புரோகிராம் செய்வது என்று நாங்கள் சொல்வது, புதிய சாவியை வண்டியின் நினைவில் சேர்ப்பதையே. ஏற்கெனவே வண்டிக்குத் தெரிந்த சாவி ஒன்று கையில் இருந்தால் பல வண்டிகளில் இது எளிது. எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால், சில வண்டிகளில் வண்டியின் கணினியான கட்டுப்பாட்டுப் பெட்டியையே கழற்றி, அதன் நினைவகச் சிப்பிலிருந்து தகவலைப் படித்து எடுக்க வேண்டியிருக்கும். பல ஐரோப்பிய நிறுவனங்களின் வண்டிகளுக்கு, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வண்டிக்கென்றே குறியிட்ட சாவியை வரவழைக்க வேண்டும். இன்னொரு வண்டியில் பழகிய பழைய சாவி பெரும்பாலும் உதவாது. சாவியின் விலையும் கூலியும் சேர்ந்து பல்லாயிரம் ரூபாய் ஆகும். காத்திருக்கும் நாட்கள் அதற்கு மேல்.

அந்தக் கோவைக்காரர் வண்டியைப் பழையதாக வாங்கியபோது ஒரே ஒரு சாவிதான் கொடுத்திருக்கிறார்கள். அவரும் கேட்கவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான்: இரண்டு சாவியையும் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். வண்டியின் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று பல வண்டிகளில் கருவியால் படித்துவிடலாம். உங்கள் கையில் இருப்பது ஒன்று, வண்டிக்குத் தெரிந்தவை மூன்று என்றால், மற்ற இரண்டும் யார் கையிலோ இருக்கின்றன என்று பொருள்.

நம் பகுதிக்கே உரிய மற்றொரு சூழ்நிலையும் உண்டு. கீழக்கரையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னை அழைத்து, “தம்பி, ஒரு சாவி மவன் பையிலயே துபாய்க்குப் போயிருச்சு, இன்னொண்ணு அரியமான் மணலுக்குள்ள போயிருச்சு” என்றார். சவுக்குத் தோப்பு ஓரத்தில் நின்ற அந்த வண்டி நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை என்பதால், கட்டி இழுக்க வழியில்லை. நான்கு சக்கரமும் தரையில் படாதபடி தட்டையான மேடையுள்ள லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த வகை வண்டிகளுக்கு அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் என்றால் நமக்கு மதுரை, அல்லது அதற்கும் அப்பால். இராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். கடைசியில் துபாய்ச் சாவி, விடுமுறையில் ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஆறாம் நாள் வந்து சேர்ந்தது. அதை வைத்து மற்றொரு சாவியைச் சேர்த்துக் கொடுத்தேன். புதிய சாவியைச் சேர்க்கும்போது இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுவரச் சொல்வோம். சில வண்டிகள், அந்த நேரத்தில் காட்டப்படாத சாவிகளை மறந்துவிடும்.

என் கையால் நேர்ந்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்குள் வந்த தொடக்கத்தில், வண்டியின் 12 வோல்ட் பேட்டரி தளர்ந்திருப்பதைக் கவனிக்காமல் வேலையை ஆரம்பித்தேன். பாதியில் மின்னழுத்தம் இறங்கி, எழுதப்பட்டுக்கொண்டிருந்த தகவல் அறுந்து, கட்டுப்பாட்டுப் பெட்டி செயலிழந்தது. அதைச் சரிசெய்யும் செலவை நானே ஏற்றேன். அன்றிலிருந்து, மின்னழுத்தம் நிலையாக இருக்கும்படி வெளிச் சார்ஜரை இணைக்காமல் நான் எந்த வண்டியையும் தொடுவதில்லை. உங்கள் வண்டியில் யார் இந்த வேலையைச் செய்தாலும், அப்படி இணைத்திருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆர்.சி. புத்தகம், உரிமையாளரின் அடையாள அட்டை, சாவி தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பெற்ற சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவற்றைப் பார்க்காமல் நான் சாவி செய்வதில்லை. அவசரத்தில் இருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கேட்டவருக்கெல்லாம் சாவி செய்து கொடுப்பவனை நம்பி எவரும் வண்டியைத் தெருவில் நிறுத்த முடியாது. சாவி மாற்றுக்கான கூடுதல் காப்பீடு எடுத்திருப்பவர்களுக்கு அந்த ரசீது தேவைப்படவும் கூடும். தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். நீக்கிய பிறகும் அதன் இரும்பு அலகு கதவைத் திறக்கும் என்பதால், திருட்டுப்போன சாவியென்றால் கதவுப் பூட்டையும் மாற்றுவதே நல்லது.

சாவி கடலில் விழுந்தால், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரில், கிடைத்தால் காய்ச்சி வடித்த நீரில், அலசி நிழலில் உலர்த்துங்கள். அரிசிப் பானையில் புதைத்து வைப்பதைப் பலரும் செய்கிறார்கள். அரிசி ஈரத்தை ஓரளவு இழுத்தாலும் உப்பு அப்படியே பலகையில் தங்கிவிடும். காயாமல் பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆவலையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் சாவியின் அலகை வெளியே எடுத்து, கதவிலுள்ள துளை எங்கே இருக்கிறது என்று தேடி, ஒரு முறை திருப்பிப் பாருங்கள். எப்போதும் ரிமோட்டிலேயே திறக்கப்படும் வண்டிகளில் அந்தப் பூட்டு ஆண்டுக்கணக்கில் திரும்புவதில்லை. மண்டபத்திலும் பாம்பனிலும் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் அது இறுகிப் போயிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இறுக்கமாக இருந்தால் பலவந்தமாகத் திருப்ப வேண்டாம்; சிறிது கிராபைட் பொடியைத் துளைக்குள் செலுத்தி, அலகை மெல்ல உள்ளேயும் வெளியேயும் நகர்த்தினால் பெரும்பாலும் இளகிவிடும். நன்றி, வணக்கம்.