பெயர்த்தெடுக்கவே போட்ட தண்டவாளம்

(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஒரு ரயில்பாதையைப் போட்டு, ஏழு மாதம்கூட ஓட்டாமல் மூடிவிட்டால் நாம் என்ன சொல்வோம்? ‘மக்கள் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்துவிட்டார்கள்’ என்போம். 1970-இல் ஜப்பானின் ஒசாகாவில் அதைத்தான் செய்தார்கள். ஆனால் நட்டப்படவில்லை.

அந்த ஆண்டு மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை, ஒசாகாவுக்கு வடக்கே சென்ரி குன்றுகளில் உலகக் கண்காட்சி நடந்தது. 183 நாளில் வந்தவர்கள் 6 கோடியே 42 லட்சம் பேர். செப்டம்பர் 5 அன்று மட்டும் 835,832 பேர்! பத்துமலைத் தைப்பூசம் பார்த்த உங்களுக்குக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை பேரை எப்படிக் கொண்டுபோவது? நகரச் சுரங்க ரயிலை எசாகா வரை நீட்டினார்கள். அதற்கு அப்பால் பாதை போடத் தனியார் ரயில் நிறுவனமான ஹான்கியூ தயங்கியது. கண்காட்சி முடிந்தபின் யார் ஏறுவார்கள் என்ற பயம், நியாயமான பயம்தான். ஆகவே ஒசாகா மாநில அரசும் ஹான்கியூவும் சேர்ந்து 1967-இல் கித்தா-ஒசாகா கியூக்கோ என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கின.

கெட்டிக்காரத்தனம் இனிமேல்தான். பாதையின் பெரும்பகுதி சென்ரி புதுநகருக்கான நிரந்தரப் பாதை. கண்காட்சிக்குப் போகும் கடைசிக் கிளை மட்டும் தற்காலிகம். அதற்கென்று நிலம் வாங்கவில்லை. அங்கே வரவிருந்த சுகோக்கு நெடுஞ்சாலைக்காக ஒதுக்கிய இடத்தில் ஒரு பக்கத்தை இரவல் வாங்கித் தண்டவாளம் போட்டார்கள். பிப்ரவரி 24 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. கண்காட்சி முடிந்த மறுநாளே கிளையை மூடி, புதுநகரின் சென்ரி-சூவோ நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். கிளை கிடந்த இடத்தில் அப்புறம் கார்கள் ஓடின. அந்தக் கிளை பிரிந்துபோன தடம் சென்ரி-சூவோவுக்குச் சற்று முன்னால், சுரங்கத்துக்குள் இன்னும் இருக்கிறது.

கண்காட்சிக் கூட்டம் கொடுத்த டிக்கெட் காசிலேயே கட்டுமானச் செலவு ஈடாகிவிட்டது. அதனால் அந்தப் பாதையில் பல காலம் கட்டணம் மலிவு. வேடிக்கை பார்க்க வந்தவன் காசில் உள்ளூர்க்காரன் பயணம்!

நம் ஊருக்கு வருவோம். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்குக் கைகொடுக்க, சான் சோ லின்னிலிருந்து ஸ்ரீ பெட்டாலிங் வரை எல்ஆர்டி என்ற இலகு ரயில் பாதை அந்த ஜூலையில் திறந்தது. போட்டி செப்டம்பரில். சுற்றிலும் குடியிருப்புகள் இருப்பதால் பாதை நிலைத்தது, சரிதான். ஆனால் பந்தாட்டம் முடிந்த இரவில் விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் ஜாலில் நிலையத்தில், டச் அண்ட் கோ பயண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பீர்களே! ஒரே நேரத்தில் கலையும் கூட்டத்துக்கு, இருக்கும் பாதையில் வண்டிகளைக் கூட்டிவிடத்தான் வேண்டும். புதுப் பாதை கேட்பது வீண். ஆறு மாதம் ஓயாமல் கூட்டம் வரும், அப்புறம் ஈயும் வராது என்றால்தான் ஒசாகா வழி பொருந்தும்.

பினாங்கு எல்ஆர்டி பற்றி ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தேநீர் குடித்துவிட்டு வந்து பேசுவோம்.