எலும்பும் தோலும்

அவையோர்க்கு வணக்கம்.

இளைத்துப்போன ஒருவரைப் பார்த்தால் 'எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார்' என்கிறோம். சதைதான் கரைந்தது, எலும்பு அப்படியே இருக்கிறது என்று நமக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை இன்று கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறேன். துணைக்குச் சில செம்மறிகளை அழைத்து வந்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் தனித்துக் கிடக்கும் தீவுக்கூட்டம் செயின்ட் கில்டா. அங்கே வாழ்ந்த கடைசி 36 பேர் 1930 ஆகஸ்டில் ஊரைக் காலிசெய்து போனார்கள். 1932-ல் பக்கத்துச் சோவே தீவிலிருந்து 107 ஆடுகளைப் பிடித்து, ஹிர்ட்டா என்ற பெரிய தீவில் விட்டார்கள். மேய்ப்பன் இல்லை, பட்டி இல்லை, தீவனம் இல்லை, வைத்தியரும் இல்லை. ஓநாயும் இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் பெருகும், புல் போதாது. மோசமான குளிர்காலம் ஒன்று வந்தால் பாதிக்கு மேல் செத்துப்போகும்.

பட்டினியால் செத்த ஆட்டின் தொடை எலும்பை உடைத்துப் பாருங்கள். நன்றாகத் தின்று வளர்ந்த ஆட்டில் மஜ்ஜை, உறைந்த நெய்போல வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். இதிலோ சிவந்த கூழ்போலத் தளதளவென்று வழியும். முதுகுக் கொழுப்பு தீர்ந்து, வயிற்றுக் கொழுப்பு தீர்ந்து, கடைசியாக எலும்புக்குள் ஒளித்துவைத்ததையும் உடம்பு எடுத்துத் தின்றுவிட்டது. கால்நடை மருத்துவர்கள் பட்டினிச் சாவை உறுதிசெய்ய மஜ்ஜையைப் பார்ப்பது இதனால்தான்.

மஜ்ஜையோடு நிற்பதில்லை. சாப்பாடு குறைந்தால் புது எலும்பு கட்டும் செல்கள் கையைக் கட்டிக்கொள்ளும். கரைக்கும் செல்கள் வேலையை நிறுத்தாது. சுவர் மெலியும், உள்ளே கடற்பஞ்சு மாதிரி இருக்கும் வலை அறுந்து போகும். இதோடு குடற்புழுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தின்ற கொஞ்சமும் ஒட்டாது. இந்தத் தீவு ஆடுகளுக்குப் புழுத்தொல்லை ரொம்ப அதிகம்.

எனக்கு மிகவும் பரிதாபமாகத் தெரிவது இளம் பெட்டைகள். நவம்பரில் கிடா சேரும். ஏப்ரலில் குட்டி போடும். ஏப்ரலில் பிறந்த பெட்டைக் குட்டிகளில் சில, அதே நவம்பரிலேயே சினையாகிவிடுகின்றன. அதன் கால் எலும்பே இன்னும் நீண்டு முடியவில்லை. வயிற்றுக் குட்டியின் எலும்பு இறுகுவதோ சினையின் கடைசி வாரங்களில், அதாவது புல் அறவே அற்றுப்போன பின்குளிர்காலத்தில். சுண்ணாம்புச் சத்துக்கு எங்கே போகும்? தன் எலும்பு என்ற களஞ்சியத்தைத் திறந்து அள்ளிக் கொடுக்கும். வசந்தத்தில் புல் முளைத்தால் களஞ்சியம் மீண்டும் நிரம்பும். முளைக்கத் தாமதமானால்?

சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. அவ்வளவு வடக்கே குளிர்காலத்து வெயில், சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்க உதவும் வைட்டமின் டியைத் தோலில் உண்டாக்காது. கோடையில் சேர்த்துவைத்ததே மூலதனம். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இந்த ஆடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடை முடிவில் ரத்தத்தில் வைட்டமின் டி அதிகமாக இருந்த தாயாடுகள் அடுத்த வசந்தத்தில் கூடுதலாகக் குட்டி போட்டிருந்தன.

பல்லைப் பற்றிச் சுருக்கமாக. ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயதை எண்ணுகிறோமே, நாலு வயதுவாக்கில் முன்பல் எட்டும் நிறைந்துவிடும். பிறகு தேய்மானம்தான். ஈறு நோய் வந்து தாடை எலும்பு அரித்தால் பல் ஆடி விழும். நமக்குப் பல் போனால் சொல் போச்சு; ஆட்டுக்குப் பல் போனால் புல் போச்சு. பட்டியில் இருக்கும் கிழட்டு ஆட்டுக்கு மெத்தென்ற தீவனம் வைப்பார்கள். இங்கே யார் வைப்பது?

கடைசியாக இன்னொரு தீவு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்தைச் சேர்ந்த ஃபூலா. அங்கே தரையில் கூடு கட்டும் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவையின் குஞ்சுகள் காலும் சிறகும் தலையும் இல்லாமல் கிடந்தன. பருந்து வேலை என்று நினைப்போம். கடித்தவை செம்மறிகள்! ஃபர்னஸ் என்ற பறவையியலாளர் 1988-ல் இதை எழுதினார். அந்த மண்ணில் கிடைக்காத கனிமங்களுக்காகவே ஆடுகள் இப்படிச் செய்கின்றன என்பது அவர் கணிப்பு. குஞ்சின் கொழுத்த உடலைத் தொடாமல், எலும்பு மிகுந்த காலையும் சிறகையும் தலையையும் மட்டும் கடித்துக்கொண்டு போயிருக்கிறது, பிறந்ததிலிருந்து புல்லைத் தவிர வேறொன்றும் தின்றிருக்காது என்று நாம் நம்பிய பிராணி.