உள்நாக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தம் பேத்தியின் நடன வகுப்பையும் விட்டுவிட்டு வந்திருக்கும் செயலாளர் அவர்களே, இந்தச் சமூக மன்ற அறையை நமக்குப் பிடித்துக் கொடுத்து, நாற்காலியும் அடுக்கித் தந்த இளைஞரணித் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'யூவுலா' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள், பிறப்பு, வழக்கு ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். நான் இதைச் சொல்லாமல் எந்த மேடையை விட்டு இறங்கியிருக்கிறேன்?

சென்ற மாதம் எனக்குத் தொண்டை வலி. மருந்தகத்தில் நம் வீட்டுப் பிள்ளை போன்ற ஓர் இளம் டாக்டர், விளக்கடித்துப் பார்த்து, "யூவுலா வீங்கியிருக்கிறது" என்றார். என் மனைவி பதறிப்போய், "உலாவா? ஒரு வாரமாக இவர் படி இறங்கவே இல்லையே, டாக்டர்!" என்றாள். (சிரிப்பு) நான் வாயைத் திறந்தபடி இருந்ததால் விளக்கம் சொல்லவும் வழியில்லை. ஒருவழியாக வாயை மூடி, "உள்நாக்கு" என்றேன். டாக்டர் திகைத்தார். "நாக்கே உள்ளேதானே இருக்கிறது, ஐயா?" (பலத்த சிரிப்பு) தப்பு அவர் மேல் இல்லை. அந்தச் சொல்லை வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பொருள் அவ்வளவுதான்: வாயின் மேற்கூரையான அண்ணத்தின் பின்கோடியில் தொங்கும் சிறு சதை. விழுங்கும்போது மென்னண்ணத்தோடு, அதாவது அண்ணத்தின் மென்மையான பின்பகுதியோடு, மேலெழும்பி, உணவு மூக்குப் பக்கம் ஏறாமல் காக்கத் துணைநிற்பது. பிறப்பு இலத்தீனில். 'ஊவா' என்றால் திராட்சை, 'ஊவுலா' குட்டித் திராட்சை. இலத்தீன்காரன் பழத்தைக் கண்டான், நாம் நாக்கைக் கண்டோம். மாண்டரினிலும் 'சிறு நாக்கு' என்றே பொருள்படும் பெயர் உண்டு. மலாய்க்காரர்களோ 'அனாக் தெக்காக்' என்கிறார்கள், தொண்டையின் பிள்ளையாம்! நமக்கு உள்நாக்கோடு அண்ணாக்கு என்றும் ஒரு பெயர். அண்ணம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்கிறது. நம் பிள்ளைகளுக்கு வருடுகிறதா? செந்தமிழும் நாப்பழக்கம், ஐயா!

வழக்கைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் நம் மொழியும் ஒன்று. பல் துலக்கும்போது ஈறு, கடைவாய், அண்ணம், உள்நாக்கு என்று பிள்ளைக்குச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? அப்படிச் சொல்லிக் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளும் பெற்றோருக்கு வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். பெயரை எழுதிவிட்டுத் தேநீருக்குச் செல்லுங்கள். வடை ஆறுகிறதாம்.