பம்பரில் கீறல்தானே! பிள்ளையின் கார் சீட்டை மாற்ற வேண்டுமா?

[காட்சி: கொழும்பு வெள்ளவத்தை, காலி (Galle) வீதி, மாலை நேர நெரிசல்]

சிக்னலில் நிற்கிறீர்கள். பின்னால் வந்த வான் வந்து 'டொக்' என்று இடிக்கிறது. இறங்கிப் பார்த்தால் பம்பரில் சின்ன நசுங்கல். பிள்ளை பின்னால் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது. இன்சூரன்ஸுக்குப் போன் பண்ணுகிறோம், படம் எடுக்கிறோம், கராஜுக்கு விடுகிறோம். பிள்ளை இருந்த சீட்டை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு அதைப் பார்ப்போம்.

முதலில் பிள்ளையின் சீட்டோடு வந்த மெனுவலை எடுங்கள். சில கம்பனிகள் எந்த விபத்தானாலும் மாற்று என்று எழுதியிருக்கும். அப்படி இருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

மெனுவல் அப்படிச் சொல்லாவிட்டால், அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வைத்திருக்கும் 5 நிபந்தனைகள் உதவும். இடித்த பிறகு கார் சொந்தமாக ஓடிப் போனதா? சீட்டுக்குப் பக்கத்துக் கதவு சேதமில்லாமல் இருக்கிறதா? காரில் இருந்த எவருக்கும் காயம் இல்லையா? எயார்பேக் எதுவும் வெடிக்கவில்லையா? சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லையா? ஐந்துக்கும் 'ஆம்' என்றால் அது சிறிய விபத்து, அதற்காகச் சீட்டை மாற்றத்தான் வேண்டும் என்று அவர்கள் சொல்வதில்லை. ஒன்று பிசகினாலும் மாற்றிவிடுங்கள்.

அந்தக் கதவு விஷயத்தில் நம் ஊரில் கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளையை நடைபாதைப் பக்கம் இறக்க வசதி என்று பலர் சீட்டை இடது பின்பக்கத்தில்தான் பூட்டுகிறோம். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் நுழைந்து வருவதும் அதே இடது பக்கத்தால்தான். கதவுக்கும் பிள்ளையின் தலைக்கும் இடையே இருக்கும் இடமோ கொஞ்சம். டிங்கரிங் செய்து கதவைப் புதிதுபோல ஆக்கிவிடலாம், ஆனால் அந்த இடி சீட்டுக்கும் போயிருக்கலாம்.

[காட்சி: துணி உறை கழற்றிய சீட், அருகில் ஒரு ஹெல்மெட்]

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதி. சீட்டின் துணி உறையைக் கழற்றினால் தலைப்பக்கத்தில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு நுரை தெரியும். பல சீட்டுகளில் அது நம் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் அதே வகைப் பொருள். டிவிப் பெட்டிக்குள் வரும் ரெஜிபோமின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெஜிபோமை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றுவிடும், இல்லையா? இந்த நுரையின் வேலையே அதுதான். இடிக்கும்போது உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் காற்றறைகள் நசுங்கி, வேகத்தின் சக்தியைத் தாங்கள் வாங்கிக்கொள்கின்றன. பிள்ளையின் தலை சட்டென்று நிற்காமல் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்து நிற்கிறது. அந்தச் சின்ன இடைவெளிதான் உயிர் காக்கிறது. ஆனால் ஒருமுறை நசுங்கிய அறை மறுபடி எழும்பாது. அடுத்த முறை அந்த இடத்தில் வாங்கிக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது.

வேகத்தையும் மறக்காதீர்கள். மணிக்கு 25 கிலோமீற்றரில் இருக்கும் சக்தியைவிட 50 கிலோமீற்றரில் இருப்பது இரட்டிப்பல்ல, 4 மடங்கு.

ஆகவே உறையைக் கழற்றி, டோர்ச் அடித்து, நுரையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட் போகும் வழியில் பிளாஸ்டிக் வெளிறி வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா, வார்களின் தையல் இழுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளை அப்போது சீட்டில் இல்லை என்றாலும் பாருங்கள், இடிக்கும்போது சீட்டின் பாரத்தையே பெல்ட் இழுத்துப் பிடித்திருக்கும்.

காசு விஷயம் எனக்கும் புரிகிறது, இங்கே நல்ல சீட் ஒன்றின் விலை லேசானதல்ல. அதனால் இன்சூரன்ஸ் ஆள் வரும்போதே, கழற்றுவதற்கு முன்னால், சீட்டையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் பணம் கிடைக்குமா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் சித்தி, மாமி அனுப்பிய பழைய சீட். கூச்சப்படாமல் கேளுங்கள்: "மாமி, இது எப்பவாவது அக்சிடென்ட்ல பட்டதா?" தெரிந்தவர்களிடம் கேட்கலாம். விளம்பரத்தில் பார்த்து வாங்கினால், விற்பவரின் வார்த்தையைத் தவிர நம் கையில் எதுவும் இல்லை, நான் வாங்கமாட்டேன்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் பழையதை வேலைக்கு வரும் அக்காவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுக்காதீர்கள். வார்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, 'விபத்தில் பட்டது' என்று மார்க்கரால் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பிறகே குப்பைக்குப் போடுங்கள். உங்கள் மெனுவல் என்ன சொல்கிறது என்று கமெண்டில் சீட்டின் பெயரோடு எழுதுங்கள், அதே சீட் வைத்திருக்கும் இன்னொரு அம்மா அப்பாவுக்கு உதவும்.