ஹில் ஸ்ட்ரீட் ஆலை: ஜானி வாக்கர் சொந்த ஊரை விட்டுப் போன கதை

வணக்கம் நண்பர்களே. ஜானி வாக்கர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அந்த விஸ்கியை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புட்டிகளில் நிரப்பி அனுப்பிய ஹில் ஸ்ட்ரீட் ஆலையைப் பற்றி, ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் நகருக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

1820-இல் ஜான் வாக்கர் அந்நகரில் தொடங்கியது ஒரு மளிகைக் கடைதான். அதைப் பெருவணிகமாக வளர்த்தவர் அவருடைய மகன் அலெக்சாண்டர். வரி செலுத்துவதற்கு முன்பே, கிடங்கிலேயே மால்ட் விஸ்கியையும் (முளைகட்டிய பார்லியில் வடிப்பது) தானிய விஸ்கியையும் (மற்ற தானியங்களும் சேர்த்து வடிப்பது) கலக்கலாம் என்று 1860-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தபின், ஒரே சுவையைப் பெருமளவில் தயாரிப்பது எளிதாயிற்று. அவர்கள் சதுரப் புட்டிக்கு மாறியதில் வணிகக் கணக்கும் இருந்தது: பெட்டிக்குள் கூடுதலாக அடுக்கலாம், வழியில் உடைவதும் குறையும். கைத்தடியுடன் நடக்கும் அந்த விளம்பர மனிதரைவிட இந்தப் புட்டியே பெரிய சாதனை என்பேன்.

நிறுவனம் 1925-இல், பல விஸ்கி நிறுவனங்களை உள்ளடக்கிய டிஸ்டில்லர்ஸ் கம்பெனியுடன் இணைந்தது. 1950-களில் ஹில் ஸ்ட்ரீட் ஆலை இயங்கத் தொடங்கியபோதே முடிவெடுக்கும் அதிகாரம் ஊரைவிட்டுப் போயிருந்தது. 1986-இல் பீர் நிறுவனமான கின்னஸ் கைக்கும், பிறகு 1997-இல் உருவான டியாஜியோ என்ற மதுபான நிறுவனத்தின் கைக்கும் அது மாறியது.

2009 ஜூலையில், ஆலையை மூடி, வேலையை ஃபைஃப் பகுதியின் லெவனுக்கும் கிளாஸ்கோவின் ஷீல்ட்ஹாலுக்கும் மாற்றப்போவதாக டியாஜியோ அறிவித்தது. ஏறத்தாழ 700 பேரின் வேலை கேள்விக்குறியானதும், சுமார் 45,000 பேர் வாழும் அந்நகரில் 20,000 பேர் வரை திரண்டு ஊர்வலம் சென்றார்கள். ஸ்காட்லாந்து அரசு முன்வைத்த மாற்றுத் திட்டத்தையும் நிறுவனம் அந்தச் செப்டம்பரில் நிராகரித்தது.

ஸ்காட்ச் என்று விற்க வேண்டுமானால் விஸ்கியை ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே குறைந்தது மூன்று ஆண்டுகள் பீப்பாயில் முதிரவிட வேண்டும் என்கிறது சட்டம். எந்த ஊரில் புட்டியில் அடைக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஜானி வாக்கர் போன்ற கலவை விஸ்கியை மொத்தமாக ஏற்றுமதி செய்து வெளிநாட்டில்கூட நிரப்பலாம். அதனால் 1820 என்ற ஆண்டை விளம்பரத்தில் பெருமையுடன் சொல்லிக்கொண்டே அந்த ஊரைவிட்டு வெளியேறுவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

ஆலை 2012 மார்ச்சில் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. நிறுவனம் அளித்த நிலத்தில் எழுந்த அயர்ஷயர் கல்லூரியின் வளாகம் 2016-இல் திறக்கப்பட்டது.